டிராக்கருடன் மூன்று ஆண்டுகள்: கார்த்திகை சிக்கியது, எம்13 சிக்கவில்லை

நட்சத்திரக் கொத்துகளைப் படமெடுக்கவென்றே வாங்கிய சிறிய டிராக்கர் (கேமராவை வானத்தோடு சேர்த்துத் திருப்பும் கருவி) என்னிடம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் முக்காலியில் 135 மி.மீ. லென்ஸைப் பூட்டிக் கார்த்திகையை எடுப்பேன். நான்கு நொடியைத் தாண்டினால் ஒவ்வொரு விண்மீனும் அரிசிமணியாக நீண்டுவிடும். டிராக்கர் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் வானத்தோடு சேர்ந்து திரும்புவதால், அதே லென்ஸில் இரண்டு நிமிடம் திறந்து வைத்தாலும் மீன்கள் புள்ளியாகவே நிற்கின்றன.

முதல் ஆண்டு முழுவதும் இந்தக் கருவியைத் திட்டித் தீர்த்தேன். தவறோ என்னுடையது. துருவ நட்சத்திரத்தைத் துருவநோக்கியின் (டிராக்கரின் அச்சை வடதுருவத்துக்கு நேராக்க உதவும் சிறு நோக்கி) நட்டநடுவில் வைத்துவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். அது வானின் உண்மையான வடதுருவத்திலிருந்து அரைப் பாகைக்கும் மேல் விலகி நிற்கிறது; அந்த நேரத்தில் நோக்கியில் தெரியும் வளையத்தின் எந்த இடத்தில் வரவேண்டுமோ அங்கேதான் வைக்க வேண்டும். இதைக் கற்றுக்கொண்ட பிறகு வீணாகும் படங்கள் வெகுவாகக் குறைந்தன.

அடுத்த பகை, குவியம். லென்ஸில் பொறித்திருக்கும் முடிவிலிக் குறியை நம்பவே கூடாது. மாலையில் சரியாக வைத்த குவியம், இரவு குளிரக் குளிர நழுவிவிடும். ஒருமுறை 60 படங்களையும் எடுத்து முடித்த பிறகுதான் கவனித்தேன்: கடைசி நாற்பதில் மீன்கள் உப்பிப் போயிருந்தன. இப்போது அரைமணிக்கு ஒருமுறை பிரகாசமான மீன் ஒன்றைத் திரையில் பத்து மடங்கு பெருக்கிப் பார்க்கிறேன். அலுப்பான வேலைதான், ஆனாலும் விடுவதில்லை.

பலன்? ஒரே காட்சியை 60 முறை எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் படத்தின் இரைச்சல் (புள்ளிபுள்ளியான கறை) ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. கார்த்திகையைச் சுற்றிய நீலப்படலம் அப்படித்தான் எனக்கு முதன்முதலில் கிடைத்தது. அது கொத்து பிறந்தபோது மிஞ்சிய தூசு அல்ல, போகிற வழியில் குறுக்கிட்ட மேகம் என்பது எனக்கு இன்னும் வியப்பு. பூசத்தின் கொத்தான எம்44 (மெசியே பட்டியலில் 44ஆம் எண்), பெர்சியஸின் இரட்டைக் கொத்து இரண்டும் இந்த லென்ஸுக்கென்றே அளவெடுத்தவை போல் அமைகின்றன.

விண்மீன்கள் பந்துபோல் நெருங்கித் திரண்ட கோளக் கொத்துகளில்தான் ஏமாற்றம். ஹெர்குலிஸின் எம்13 ஏறத்தாழ 22,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது, 135 மி.மீ. லென்ஸில் பஞ்சுத் துணுக்குதான். 400 மி.மீ. லென்ஸை மாட்டினால் டிராக்கரின் பல்சக்கரத் தடுமாற்றம் வெளிப்பட்டு ஐந்தில் இரண்டு படங்கள் கோடாகின்றன. மிஞ்சியவற்றிலும் நடுப்பகுதி வெளுத்துவிடுகிறது. 200 மி.மீ. வரை லென்ஸ் வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். கோளக் கொத்துகள்தான் வேண்டும் என்பவர்கள் தொலைநோக்கிக்கும் கனமான தாங்கிக்கும் காசு சேர்க்கட்டும், நானும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.