மோரிஸ் மைனரின் அடிப்பாகம்: தாரைச் சுரண்டி லானோலின் அடித்த அனுபவம்

பினாங்கில் பழைய காடி (கார்) வைத்திருக்கும் யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: துருப் பிடிக்காமல் இருக்க அடியில் கறுப்புத் தார் வேண்டாம், லானோலின் என்ற கொழுப்பை அடியுங்கள். என்னுடையது மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காடி, 1098 சிசி, இரண்டு கதவு. சில வருடங்களாக அதற்கு இதைத்தான் அடித்து வருகிறேன். தொல்லைகளும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

நமக்கு எதிரி உப்பு. கடல் பெருக்கு நாளில் கடற்கரைச் சாலைப் பக்கம் போனால் அலை சாலை வரைக்கும் தெறிக்கும். அந்தப் பக்கமே போகாதவர்களும் தப்ப முடியாது, காற்றிலேயே உப்பு இருக்கிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். நம் ஊரில் ராத்திரி முழுக்க அந்த நிலைதான். மழையே பெய்யாவிட்டாலும் தகரம் நனைந்தபடி கிடக்கும். பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பை மனத்தில் வைத்து இங்கிலாந்துக்காரர்கள் சொல்லும் பராமரிப்புக் கணக்கு நமக்கு எப்படி ஒத்துவரும்? இங்கே பன்னிரண்டு மாதமும் ஒரே பருவம்தான்.

காடி என் கைக்கு வந்தபோது அடியெல்லாம் முந்தைய உரிமையாளர் அடித்த தார். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. பட்டறை அண்ணன் ஸ்குரூ டிரைவர் பிடியால் ஒவ்வோர் இடமாகத் தட்டிக்கொண்டே போனார். டங் டங் என்று வந்த சத்தம், ஜாக் வைக்கும் இடத்துக்கு வந்ததும் தொப்பென்று மாறியது. “இங்கதான் தம்பி. மேல கறுப்பு, உள்ள வெறும் துரு” என்றார். தார் காய்ந்தால் வெடிக்கும். வெடிப்பில் நுழைந்த தண்ணீருக்கு வெளியே வர வழி கிடையாது. மைனருக்குத் தனி சேஸி (அடிச்சட்டம்) இல்லை, பாடியே எடை தாங்குகிறது என்பதால் இதை அலங்கார வேலை என்று தள்ளிப்போட முடியாது.

ஹீட் கன்னால் சூடாக்கி, பட்டைத் தகட்டால் சுரண்டி, மிச்சத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தோம். சலிப்பான வேலை. உளுத்த இடங்களை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங். மேலோட்டமான துருவுக்கு டானிக் அமிலம் கலந்த திரவம், அது துருவைக் கறுப்பாக்கி இறுக்கிவிடும். பிறகு பிரைமர், பெயிண்ட், கடைசியாக லானோலின்.

லானோலின் என்பது செம்மறி ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு. இறுகாது, மடிப்புகளுக்குள் தானே ஊர்ந்து போகும். கல் பட்டுக் கீறினாலும் பக்கத்தில் இருப்பது மெல்லப் பரவி மூடிக்கொள்ளும். இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது, துணியால் ஒரு துடை துடைத்தால் தகரம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தாருக்கு அடியில் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

சரி, தொல்லைகள். முதல் சில நாள் ஆட்டுத் தொழுவ வாடை. வீட்டில் திட்டு விழும். மத்தியான வெயிலில் இளகிச் சொட்டும், போர்ச் தரையில் அட்டை விரிக்காமல் முடியாது. தூசி ஒட்டும். சக்கர வளைவுகளில் மழைத் தண்ணீர் அடித்து அடித்துச் சீக்கிரம் போய்விடுகிறது, அங்கே மட்டும் அடிக்கடி மறுபூச்சு தேவை. பெட்டி மாதிரி மூடிய பகுதிகளுக்குள் நீள் குழாய் விட்டு அடித்தது நன்றாகவே நிற்கிறது. ரப்பர் புஷ்கள் மேல் படாமல் மறைத்துக்கொள்வது நல்லது.

கழுவும்போது, நுரை அடித்துக் கழுவும் ஸ்னோ வாஷ் கடையில், காடியைத் தூக்கும் ஹாய்ஸ்ட்டில் ஏற்றுவேன், ஆனால் பிரஷர் கன்னை முன்சக்கரப் பக்கம் காட்டவிட மாட்டேன். மைனரின் முன்சக்கர மூட்டுகளில் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு என்று கிரீஸ் நிப்பிள்கள் (கிரீஸ் ஏற்றும் முனைகள்) உண்டு. அந்த மூட்டுகள் மரை உள்ளவை. தண்ணீர் புகுந்து கிரீஸ் போனால் மரை தேயும். தேய்ந்து கழன்றால் சக்கரம் ஓடும்போதே மடங்கிவிடும். இந்த மாடலுக்குப் பெயர்போன கோளாறே அதுதான். அதனால் கழுவிய கையோடு காடியைத் தூக்கி, சக்கரத்தில் எடை இல்லாத நிலையில், பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை கிரீஸ் கன்னால் அடிப்பேன். தூக்கினால் ஸ்டாண்ட் வைத்தே ஆக வேண்டும், வெறும் ஜாக்கை நம்பி யாரும் அடியில் படுக்காதீர்கள்.

ஸ்பிரிங் வேலை செய்யும் முறுக்குக் கம்பியான டார்ஷன் பாரில் கம்பி பிரஷ் படக்கூடாது, கீறல் விழுந்தால் அங்கிருந்து வெடிக்கும். அப்புறம் பிரேக் மாஸ்டர் சிலிண்டர். டிரைவர் காலடியில், சேஸி மாதிரி ஓடும் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும். பிரேக் ஆயில் கசிந்தால் அங்குள்ள பெயிண்டை உரித்துவிடும், துரு அங்கேதான் தொடங்கும். ஒவ்வொரு முறை லானோலின் அடிக்கும் முன்பும் டார்ச் அடித்து முதலில் பார்க்கும் இடம் எனக்கு அதுதான்.