பால்கனி சோலார்: மிச்ச மின்சாரத்தைச் சும்மா விடுவதா, விற்பதா?

ஜெர்மனியில் வாடகை வீட்டுப் பால்கனியில் இரண்டு பேனல் மாட்ட நினைப்பவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து முட்டிக்கொள்வது பதிவு விஷயத்தில்தான். மூன்று வழிகள் பேச்சில் அடிபடுகின்றன. யாரிடமும் சொல்லாமல் பிளக்கைச் செருகிவிடுவது ஒன்று. மார்க்ட்ஸ்டாம்டாட்டன்ரெகிஸ்டர் என்ற அரசுப் பதிவேட்டில் எளிய முறையில் பதிந்து, மிச்சமாகும் மின்சாரத்தைக் காசில்லாமல் கிரிடுக்கு, அதாவது பொது மின்வலைக்கு, விடுவது இன்னொன்று. கூரை சோலார்க்காரர்கள் மாதிரி முறையாக விண்ணப்பித்து, மிச்சத்துக்கு யூனிட் கணக்கில் பணம் வாங்குவது மூன்றாவது. நான் போனது நடுவழி. அதனால் என் தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வழிக்கு அதிக நேரம் வேண்டாம். பதிவு இலவசம், சட்டப்படி கட்டாயம், மின்சாரம் ஓடத் தொடங்கி ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். அப்படியும் ஏன் சிலர் பதிவதில்லை என்றால், பெயரும் முகவரியும் இணையத்தில் எல்லோருக்கும் தெரியும்படி போய்விடும் என்ற பயம். அப்படி இல்லை. தனிநபரின் சிறிய சோலாரில் ஊரும் அஞ்சல் குறியீடும் மட்டும்தான் வெளியே தெரியும். 2025 ஜூனில் பால்கனி சோலார் மட்டுமே பத்து லட்சத்தைத் தாண்டிய பட்டியல் அது. அதில் உங்கள் பால்கனியை யாரும் தேடப் போவதில்லை.

பதியாமல் இருப்பதில் உண்மையான சிக்கல் மீட்டரில் இருக்கிறது. பழைய வீடுகளின் நிலவறையில் இன்னும் தட்டு சுற்றும் கறுப்பு மீட்டர்தான். பேனல் அதிகமாகத் தரும் நேரத்தில் அது பின்னோக்கிச் சுற்றும். பதிந்தவருக்கு, புது மீட்டர் மாட்டும்வரை இதைச் சட்டமே பொறுத்துக்கொள்கிறது. சொல்லாமல் செருகியவரின் மீட்டர் பின்னோக்கி ஓடினால் கதை வேறு.

சரி, இப்போது உண்மையான போட்டிக்கு வருவோம். 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இன்வர்ட்டர் (பேனல் கரண்டை வீட்டு கரண்டாக மாற்றும் பெட்டி) 800 வாட், பேனல் மொத்தம் 2,000 வாட் வரை எளிய பதிவு போதும். மின்வலை நிறுவனத்துக்குத் தனியாக எழுத வேண்டியதில்லை, பதிவேட்டிலிருந்தே தகவல் அவர்களுக்குப் போய்விடும். நிரப்ப வேண்டியதும் சொற்பம்: உங்கள் விவரம், தொடங்கிய தேதி, பேனல்களின் எண்ணிக்கை, திறன், இன்வர்ட்டர் திறன், மீட்டர் எண். மீட்டர் எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள், இல்லாவிட்டால் பாதியில் எழுந்து நிலவறைக்கு ஓட வேண்டியிருக்கும். சோலாரை நடத்துபவர் என்ற இடத்தில் உங்கள் பெயர்தான் வரும், வீட்டு உரிமையாளர் பெயர் அல்ல.

மூன்றாவது வழியில் மின்வலை நிறுவனத்துக்கு விண்ணப்பம், பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனின் கையெழுத்து, இருபக்கமும் அளக்கும் மீட்டர் என்று வேலை நீளும். பலனாக 20 ஆண்டுகளுக்கு உறுதியான விலை கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் ஊரில் மாடியில் சோலார் போட்டு, கிரிடுக்குக் கொடுத்த யூனிட்டை இபி பில்லில் கழித்துக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதுதான் இயல்பான வழியாகவும் தோன்றும். ஆனால் இங்கே யூனிட்டுக்கு யூனிட் கழிப்பதில்லை. வாங்கும் விலை ஒன்று, கொடுக்கும் விலை இன்னொன்று.

முடிவே இந்த விலை வித்தியாசத்தில்தான் இருக்கிறது. தெற்கு பார்த்த, நிழல் விழாத பால்கனியில் ஆண்டுக்கு 600 யூனிட் வருகிறது என்று வையுங்கள். மூன்றில் இரண்டு பங்கு வீட்டிலேயே செலவானால் 400 யூனிட். யூனிட் 35 செண்ட் என்றால் பில்லில் 140 யூரோ குறையும். மிச்சம் 200 யூனிட். அதற்குக் கிடைக்கும் விலை 2025 நிலவரப்படி யூனிட்டுக்கு 8 செண்ட்டை ஒட்டி. ஆக ஆண்டுக்கு 16 யூரோ. இருபது ஆண்டும் அதே பால்கனியில் இருந்தால் 320 யூரோ. எலக்ட்ரீஷியனை ஒருமுறை வரவழைத்தாலே அதில் நல்ல பங்கு போய்விடும். வாடகை வீட்டில் இருபது ஆண்டு இருப்போமா என்பது அடுத்த கேள்வி.

அந்த 16 யூரோவை வேறு வழியிலும் பிடிக்கலாம். வெளியே போகும் 200 யூனிட்டில் 46 யூனிட்டை வீட்டுக்குள் இழுத்தால் கணக்கு சமம். ரைஸ் குக்கர் 500, 700 வாட்தான் இழுக்கும். மாவு அரைக்கும் கிரைண்டர் 150 வாட். மதியம் வெயில் இருக்கும்போது இவற்றை ஓட்டினால் கிட்டத்தட்ட முழுவதும் பேனல் கரண்ட். வாஷிங் மெஷின் அப்படியில்லை. தண்ணீர் சூடாகும் நேரத்தில் 2,000 வாட் கேட்கும், உங்களிடம் இருப்பதோ அதிகபட்சம் 800. மீதி கிரிடிலிருந்துதான் வரும். 30 டிகிரியில் துவைத்தால் சூடாக்கும் நேரம் குறையும், வித்தியாசம் தெரியும்.

பேட்டரி வைத்து மிச்சத்தை மாலைக்குச் சேர்க்கலாமே என்றால், நான் வைத்திருக்கவில்லை. வைத்திருக்கும் நண்பர் திருப்தியாக இருக்கிறார், ஆனால் பேட்டரி விலை திரும்பி வந்ததா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். வாங்கினால் அதையும் பதிவேட்டில் சேர்க்க வேண்டும்.

எந்த வழியானாலும் வீட்டுக்காரர் சம்மதம் தனி விஷயம், பதிவு அதற்கு ஈடாகாது. 2024 அக்டோபரிலிருந்து தகுந்த காரணம் இல்லாமல் அவர் மறுக்க முடியாது. எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகம், மின்வலை நிறுவனத்தின் அனுமதிக் கடிதத்தைக் கொண்டுவரச் சொன்னது. அப்படி ஒரு கடிதம் இப்போது தேவையே இல்லை என்று எழுதிப் போட்டேன். பேனலைப் பால்கனிக் கைப்பிடிக் கம்பியில் எப்படி மாட்டியிருக்கிறது என்ற படத்தை மட்டும் அப்புறம் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது, மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பேனல் விழுந்தால் விளையாட்டில்லை.

சொந்த வீடு, மேலே கூரையும் காலி என்றால் என் கணக்கு பொருந்தாது. அங்கே எப்படியும் எலக்ட்ரீஷியன் வருவார், மிச்சமும் ஆயிரக்கணக்கான யூனிட்டாக இருக்கும், மூன்றாவது வழியிலேயே போங்கள். பால்கனிக்காரர்கள் எளிய பதிவை முடித்துவிட்டு, எஸ்இஇ என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பத்திரமாக வையுங்கள். வீடு மாறினாலோ பேனலை விற்றாலோ அந்தப் பதிவிலும் ஒரு மாதத்துக்குள் மாற்றம் சொல்ல வேண்டும்.