ஊட்டிக் குளிர், 2005 மாடல் கார், ஆயில்மேல் நான் போட்ட பழி

ஜனவரி மாதம், ஊட்டி, காலை ஆறரை மணி. புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். சாவியைத் திருப்பினால் செல்ஃப் முனகும், எஞ்சின் பிடிக்கும், ஸ்டீயரிங்கிலிருந்து கண்ணாடி வரை எல்லாம் உதறும், அப்படியே நின்றுவிடும். மூன்றாவது தடவைதான் ஓட ஆரம்பிக்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அதுவும் போச்சு. ஐந்து நிமிடம் கழித்துச் சூடேறியதும், ஒன்றுமே நடக்காதது போல ஓடும். இரண்டு குளிர்காலம் இப்படியே போயிற்று.

வண்டி மூன்று சிலிண்டர், எம்பிஎஃப்ஐ பெட்ரோல், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும். 2012இல் கோவையில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. அங்கே இருந்தவரை ஸ்டார்ட்டிங் டிரபிள் என்ற பேச்சே இல்லை. மாற்றலாகி மேலே வந்த பிறகுதான் இந்தக் கூத்து. இப்போது மீட்டரில் 1,68,000 கிலோமீட்டர்.

கேட்டவர்கள் எல்லாரும் ஆயிலைத்தான் சொன்னார்கள். அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. கோவையில் கடைசியாகச் சர்வீஸ் செய்தபோது, "லட்சம் தாண்டின வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் சரி" என்று 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தார்கள். டபிள்யூ என்பது வின்ட்டர். அதற்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது. எண் சின்னதானால் குளிரிலும் இளக்கமாக ஓடும். பின்னால் உள்ள எண் 100 டிகிரியில் அதன் கெட்டித்தன்மையைக் காட்டுவது. கோவை வெயிலுக்கு 20டபிள்யூ-50 ஒன்றும் பெரிய தப்பில்லை. 2,240 மீட்டர் உயரத்தில், இரவு முழுக்க வாசலில் பனியில் நிற்கும் வண்டிக்கு அது பாகு.

10டபிள்யூ-30க்கு மாறினேன். செல்ஃப் சுற்றும் வேகம் அன்றைக்கே கூடிவிட்டது. ஸ்டார்ட் ஆனதும் எஞ்சினின் மேல்பகுதியில் மூன்று நான்கு விநாடி 'டிக் டிக்' என்று கேட்கும் சத்தம் ஒரு விநாடிக்குள் அடங்கியது. ஆயில் மேலே சீக்கிரம் ஏறுகிறது என்று அர்த்தம். ஆனால் உதறல்? அப்படியேதான் இருந்தது. அதன்பின் ஆயிலில் கலக்கும் ஒரு பாட்டில் மருந்தும் வாங்கி ஊற்றினேன். அந்தக் காசை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கூடவே வேறொரு சங்கதி வெளியே வந்தது. மேட்டுப்பாளையம் இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் செகண்ட் கியரிலேயே வருவேன். கல்லாறு வந்து சமவெளியில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பின்னால் ஒரு கொத்து நீலப் புகை. பின்னால் வந்த பைக்காரர் கையை ஆட்டித் திட்டினார். இறக்கத்தில் எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் மூடியே இருப்பதால், காற்று போகும் வழியான இன்டேக்கில் வெற்றிடம் அதிகமாகிறது. வால்வ் வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் சீல் தேய்ந்திருந்தால், அதன் வழியாக அது ஆயிலை உள்ளே உறிஞ்சிவிடுகிறது. கெட்டி ஆயில் இதை ஓரளவு மூடி மறைத்திருந்தது. இளக்க ஆயிலில் 2,500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் டாப்-அப் ஆனது.

உதறலுக்கு வருகிறேன். பிளக் மாற்றினோம், த்ராட்டில் பாடியைக் கழுவினோம். பேட்டரி நன்றாகவே இருந்தது, ஆனால் எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கியதும் செல்ஃப் இன்னும் தெம்பாகச் சுற்றியது. இத்தனை செய்தும் எஞ்சின் உதறுவது நிற்கவில்லை.

கடைசியில் குன்னூரில் ஒரு வயதான மெக்கானிக் கேட்ட கேள்விதான் திருப்பம். "சூடான பொறவு எப்பவாச்சும் மிஸ்ஸிங் அடிக்குதுங்களா?" ஒரு நாளும் இல்லை என்றேன். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டை அளக்கும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரைக் கழற்றி, டம்ளரில் பச்சைத்தண்ணீர் ஊற்றி அதில் முனையை முக்கி, இரண்டு பின்னிலும் மல்டிமீட்டரை வைத்தார். சூடு கூடக் கூட இதில் ஓம் குறையும். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் மூவாயிரம் ஓம் பக்கம் காட்ட வேண்டும். காட்டியது அறுநூறு சொச்சம். அது 60 டிகிரி சூட்டுக்கான கணக்கு.

"எஞ்சினு பனியில கெடக்குது, கம்ப்யூட்டருக்குச் சுடுதுன்னு தகவல் போவுதுங்க சார். அப்புறம் எப்படிங்க அது பெட்ரோலு சேத்து உடும்?"

குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் சோக் இழுத்தது அதற்குத்தான். இதில் அந்த முடிவை எடுப்பது ஈசியூ என்ற எஞ்சின் கம்ப்யூட்டர், அதற்குத் துப்புக் கொடுப்பது இந்தச் சென்சார். ஒயர் அறுந்திருந்தால் எஞ்சின் விளக்கு எரிந்திருக்கும். சென்சார் நம்பும்படியாகப் பொய் சொன்னதால் விளக்கும் எரியவில்லை. கோவையில் விடியற்காலைகூட இவ்வளவு குளிராது, இந்தக் குறை தெரிந்திருக்க வாய்ப்பே குறைவு. புதுச் சென்சார் ஒரு கேன் ஆயில் விலைகூட இல்லை. மறுநாள் காலை முதல் திருப்பிலேயே பிடித்து, கொஞ்சம் உயர்ந்த ஐடிலிங்கில் நின்று, தானாக இறங்கியது. சும்மா இரண்டு தடவை ஆஃப் செய்து ஸ்டார்ட் செய்து பார்த்தேன்.

ஆயிலை இப்போது 10டபிள்யூ-40 செமி சிந்தெட்டிக்கில் நிறுத்தியிருக்கிறேன். வண்டியோடு வந்த புத்தகத்தில் வெப்பநிலைக்கு ஏற்ற கிரேடு படமாகப் போட்டிருக்கும். அதைப் பார்த்து, இரண்டு கிரேடு மாற்றிப் பார்த்து எடுத்த முடிவு இது. குளிரில் 10க்குரிய ஓட்டம் கிடைக்கிறது, இறக்கத்தில் புகையும் குறைந்திருக்கிறது. ஆயிலின் தரத்தைக் காட்டும் ஏபிஐ எழுத்தில் எஸ்என் இருந்தால் எனக்குப் போதும். விலை உயர்ந்த ஃபுல்லி சிந்தெட்டிக் ஆயிலை, குடிக்கிற எஞ்சினில் ஊற்ற மனசு வரவில்லை.

ஆறு மாதம் அல்லது 5,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுகிறேன், ஃபில்டரோடு சேர்த்து. என் ஓட்டம் பெரும்பாலும் மூன்று நான்கு கிலோமீட்டர்தான். எஞ்சின் முழுதாகச் சூடேறுவதற்குள் ஆபீஸ் வந்துவிடும், உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகாது. முதல் குளிர்காலத்தில் ஆயில் மூடியைத் திறந்தபோது அடியில் தயிர் மாதிரி வெண்மஞ்சளாக ஒட்டியிருந்தது. கூலன்ட் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று பயந்துவிட்டேன். கூலன்ட் குறையவில்லை, ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தது, வெறும் ஈரம்தான். இப்போதெல்லாம் வாரம் ஒருமுறை கோத்தகிரி வரை ஓட்டிவிட்டு வருகிறேன், அந்தத் தயிர் அதிகம் சேருவதில்லை.

வால்வ் சீல் வேலை இன்னும் பாக்கி. ஹெட்டை இறக்க வேண்டியிருந்தாலும் இருக்கும் என்றார் மெக்கானிக். ஏப்ரல், மே சீசன் கூட்டம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறேன். அதுவரை டிக்கியில் ஒரு லிட்டர் ஆயிலும், டிப் ஸ்டிக் துடைக்க ஒரு பழைய பனியனும் இருக்கின்றன.