பிறந்த குழந்தைக்குக் குதிகால் ரத்தப் பரிசோதனை: செய்துவிடுங்கள், ஆனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்

பிரசவத்துக்குக் கும்பகோணத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். மகன் பிறந்தது இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில். பில்லில் இந்தக் குதிகால் பரிசோதனைக்கு 'நியூபார்ன் ஸ்கிரீனிங்' என்று 2,200 ரூபாய் இருந்தது. விருப்பம் இல்லையென்றால் எடுத்துவிடலாம் என்றார்கள். வீட்டில் எல்லோரும், "குழந்தை நல்லாத்தானே இருக்கான், எதுக்கு?" என்றார்கள். நல்லா இருக்கிற குழந்தைக்குத்தான் இந்தப் பரிசோதனையே. தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

எங்களுக்குக் கொடுத்த தொகுப்பில் ஏழு நோய்கள்: பிறவித் தைராய்டு குறை, அட்ரீனல் சுரப்பியைத் தாக்கும் சி.ஏ.எச்., சிவப்பணுக்களைக் காக்கும் நொதி குறையும் ஜி6பிடி குறை, பாலில் உள்ள சர்க்கரையை உடலால் பயன்படுத்த முடியாத கேலக்டோசீமியா, பயோட்டின் என்ற வைட்டமினைப் பயன்படுத்த முடியாத பயோட்டினிடேஸ் குறை, புரதத்தின் ஒரு கூறைச் சிதைக்க முடியாத ஃபினைல்கீட்டோன்யூரியா, நுரையீரலில் கெட்டிச் சளி கட்டும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். இவை பெரும்பாலும் பிறந்த அன்று முகத்தில் தெரியாது. தைராய்டு குறையையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில் 1,130 குழந்தைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் இருந்தது. இரண்டு வாரத்துக்குள் தைராக்ஸின் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டால் மூளை வளர்ச்சி தப்பிவிடும். மாதக்கணக்கில் தள்ளிப்போனால் இழந்த புத்தி வளர்ச்சி திரும்பாது. மாத்திரையோ மிக மலிவு.

ரத்தம் எடுத்த விதத்துக்கு முழு மதிப்பெண். 48 மணி நேரம் முடியட்டும் என்று காத்திருந்து மூன்றாம் நாள் காலையில் நர்ஸ் அக்கா வந்தார். குழந்தையின் பாதத்தை வெதுவெதுப்பான துணியால் சுற்றிவைத்தார். என்னைப் பால் கொடுக்கச் சொல்லிவிட்டு, குதிகாலின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினார். வடிதாள் அட்டையில் இருந்த வட்டங்களில் சொட்டுச் சொட்டாக நிரப்பிக் காயவைத்தார். மகன் ஒருமுறை வீறிட்டுவிட்டு மறுபடி பாலைப் பிடித்துக்கொண்டான்.

குறை அதற்கு அப்புறம்தான். அட்டை சென்னையில் ஒரு லேபுக்குப் போகிறது, மூன்று நாளில் ரிப்போர்ட் என்றார்கள். வந்தது பதினாறாம் நாள் தொட்டில் போட்டுப் பெயர் வைத்ததற்கும் பிறகு. கேட்கும்போதெல்லாம் "கூரியரில் வருது" என்ற ஒரே பதில். என் மகனுக்குத் தைராய்டு குறை இருந்திருந்தால் அந்த இரண்டு வாரமும் போயிருக்கும். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. வந்த தாளிலும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகள், எண்கள், ஒரு வரியில் மட்டும் தடித்த எழுத்து. கூப்பிட்டு விளக்க ஆள் இல்லை. வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

தடித்த எழுத்தில் இருந்தது ஜி6பிடி. குழந்தைகள் டாக்டரிடம் ஓடினோம். அட்டையில் வருவது சந்தேகம் மட்டுமே என்று சொல்லி, நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து அளவு பார்த்தார். உறுதியானது. இந்த நொதி குறைந்தால் சில பொருள்களும் மருந்துகளும் படும்போது சிவப்பணுக்கள் படபடவென்று உடையும். பிறந்த முதல் வாரத்தில் மகனுக்கு மஞ்சள் ஏறி நீல விளக்கின் கீழ் வைத்திருந்ததற்கு அப்போதுதான் ஒரு காரணம் கிடைத்தது.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "குழந்தைக்கு என்ன துணி போடறீங்க?" நம் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்குப் புதுத்துணி போடமாட்டோமே. அம்மா பீரோவிலிருந்து தாத்தாவின் பழைய வேட்டிகளை எடுத்துக் கிழித்து வைத்திருந்தார், பாச்சை உருண்டை வாசம் போகாமல். அந்த உருண்டையில் இருக்கும் நாப்தலீன் இந்தக் குழந்தைகளுக்கு ஆகாது. மஞ்சள் ஏறியது அதனால்தானா என்று இப்போது யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அன்றே எல்லாத் துணியையும் ஒதுக்கிவிட்டோம். மருதாணியும் வேண்டாம் என்றார். காய்ச்சலுக்கு வழக்கமான அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம், மற்ற எந்த மருந்தானாலும் கேட்டுவிட்டுத்தான். இத்தனை எளிய தடுப்பு, பதினைந்து நாள் தாமதமாக வந்தது.

அப்புறம் பேச்சு கிளம்பியது. நான் கட்டியிருப்பது அத்தை மகனை. "சொந்தத்தில் கட்டினா இப்படித்தான்" என்றார்கள். ஜி6பிடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இது தாயின் எக்ஸ் குரோமோசோம் வழியாக மகனுக்கு வருவது. என் அண்ணன் சென்னையில் வேலை பார்த்தபோது மலேரியா வந்து, இந்தக் குறை உள்ளவர்களுக்கு ஆகாத பிரைமாகுயின் மாத்திரை போட்ட சில நாளில் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனது. காமாலை என்று நினைத்து ஊருக்குக் கூட்டிவந்து கீழாநெல்லி கொடுத்தோம். அன்று ஜி6பிடியும் பார்த்திருக்கிறார்கள், 'நார்மல்' என்று வந்திருக்கிறது. பழைய அணுக்கள் உடைந்தவுடன் புதிதாக ஊறிவரும் இளம் அணுக்களில் நொதி கூடுதலாக இருக்கும், அதனால் ரிப்போர்ட் ஏமாற்றும், மூன்று மாதம் விட்டு எடுக்க வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். அண்ணனுக்கு இப்போது மறுபடி எடுத்தோம். குறைதான். மருமகனுக்கு எடுத்த நாலு சொட்டு ரத்தம் தாய்மாமனுக்கும் பதில் சொல்லிவிட்டது. அம்மா அன்று முழுக்க அழுதார். இதில் யார் குற்றமும் இல்லை என்று பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் சொந்தத்தில் கட்டியவர்கள் ஒன்றை யோசியுங்கள். அந்தப் பட்டியலில் உள்ள சி.ஏ.எச்., கேலக்டோசீமியா, பயோட்டினிடேஸ் போன்றவை இரண்டு பேரிடமும் ஒரே குறை இருந்தால் குழந்தைக்கு வருபவை. உறவுக்குள் கட்டும்போது அந்த வாய்ப்பு கூடுகிறது. 50க்கும் மேற்பட்ட கோளாறுகளைப் பார்க்கும் பெரிய தொகுப்பும் இருக்கிறது, எங்களிடம் கேட்ட விலை இரு மடங்குக்கும் மேல். அடுத்த குழந்தைக்கு நான் அதையே எடுப்பேன். முடியாதவர்கள் தைராய்டு, சி.ஏ.எச்., ஜி6பிடி மூன்றையாவது விடாதீர்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை: ரிப்போர்ட் எத்தனை நாளில், எழுத்தில் தருவீர்களா? ஏதாவது கூடக்குறைய இருந்தால் அன்றே போனில் கூப்பிடுவது யார்? மறு பரிசோதனைக்குத் தனிக் காசா? எங்களிடம் தனியாக வாங்கினார்கள், அதை முதலில் சொல்லவே இல்லை. குழந்தைக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் அதற்கு முன்பே அட்டையில் எடுத்துவிடச் சொல்லுங்கள், ஏற்றிய பிறகு எடுத்தால் வருவது கொடுத்தவரின் அளவாக இருக்கலாம். பரிசோதனைக்கு ஐந்துக்கு ஐந்து, இந்த லேபின் சேவைக்கு இரண்டு.