"எய்டு வேண்டாம்" என்று போட்ட ஒரு டிக்: அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் குடும்பங்கள் கவனத்துக்கு

நாங்கள் கரூர். வீட்டுக்காரர் பத்துத் தறி வைத்து பெட்ஷீட் ஜாப் ஒர்க் செய்கிறார். நான் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். இருவருடையதும் சேர்த்து வருடத்துக்குப் பதினான்கு லட்சம் வரும். 2024 மார்ச் கடைசியில் என் மகளுக்கு அமெரிக்காவில் நல்ல பெயருள்ள ஒரு லிபரல் ஆர்ட்ஸ் (கலை, அறிவியல் எல்லாம் சேர்த்துக் கற்பிக்கும்) கல்லூரியில் இடம் கிடைத்தது. அவள் போகவில்லை. அவள் விண்ணப்பத்தில், எய்டு அதாவது நிதி உதவி வேண்டுமா என்ற ஒரே ஒரு கேள்விக்குப் போட்ட பதிலால் அந்த இடம் கையை விட்டுப் போனது. அந்தப் பதிலைப் போட்டது நாங்கள் 1,75,000 ரூபாய் கட்டி அமர்த்திய கன்சல்டன்சி. இந்த வருடம் விண்ணப்பம் போடுகிறவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

2023 ஜூனில் கோவையில் ஒரு ஹோட்டலில் அவர்கள் கூட்டம் நடத்தினார்கள். "ஐவி லீக்கில் மெரிட் ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறோம்" என்று மேடையில் சொன்னார்கள். அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். ஐவி லீக் என்பது ஹார்வர்டு, யேல், கொலம்பியா என்று எட்டுப் பல்கலைக்கழகங்கள். அந்த எட்டிலும் மெரிட் ஸ்காலர்ஷிப் என்பதே கிடையாது. அவை தருவது குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி மட்டும்தான். இது எனக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது.

ஒப்பந்தம் இப்படி: முதலில் 1,75,000. அவர்கள் பட்டியலில் உள்ள பதினைந்து கல்லூரிகளில் முதல் அட்மிஷன் கடிதம் வந்ததும் 1,50,000. வேலை முடிந்தால்தானே மீதிப் பணம், நியாயம்தான் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டோம். கடிதம் வந்தால் போதும், பிள்ளை போய்ச் சேர்ந்தாளா இல்லையா என்பது அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. பின்னால் நடந்தது எல்லாமே இந்த வரியிலிருந்து வந்ததுதான்.

பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையதளம் காமன் ஆப். அதில் மகளின் கணக்கை அவர்களே திறந்தார்கள். மெயில் ஐடி அவர்களுடையது, பாஸ்வேர்டும் அவர்களிடம். "ஸ்டூடண்ட்ஸ் கை வச்சா தப்பாயிடும்" என்றார்கள்.

விண்ணப்பத்தில் தன்னைப் பற்றி 650 வார்த்தைக்குள் எழுத வேண்டிய எஸ்ஸேயை மகள் ஆகஸ்டிலேயே எழுதி முடித்திருந்தாள். அவள் அப்பாவின் கூலி நோட்டைப் பற்றி. சனிக்கிழமை சாயங்காலம் தறிக்காரர்களுக்குக் கணக்குப் பார்ப்பது ஏழாவதிலிருந்து அவள் வேலை. கரண்ட் போன மணிநேரத்தை அப்பா பென்சிலில் எழுதுவார், முன்பணத்தைப் பேனாவில் எழுதுவார். பென்சில் கணக்கை அழித்துவிடலாம் என்பதற்காக அப்பா அப்படிச் செய்கிறார், நஷ்டத்தைத் தானே ஏற்றுக்கொள்கிறார் என்று அவளுக்குப் பத்தாவது படிக்கும்போதுதான் புரிந்ததாம். அதை எழுதியிருந்தாள். படித்துவிட்டு அவர் பேசாமல் ஷெட்டுக்குப் போய்விட்டார். கன்சல்டன்சியில் அதை "லோக்கலா இருக்கு" என்று ஒதுக்கிவிட்டு, அவள் குடிசைப் பகுதியில் மாலை வகுப்பு நடத்துவதாக ஒன்றை அவர்களே எழுதினார்கள். அவள் அப்படி எதுவும் நடத்தியதில்லை. "அம்மா, இது நான் இல்லையே" என்றாள். பெரிய இடத்துப் பழக்கம் அவர்களுக்குத்தானே தெரியும் என்று அவளை அடக்கியது நான். அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அப்புறம் அந்தக் கேள்வி. காமன் ஆப்பில் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனியாகச் சில கேள்விகள் வரும். அதில் ஒன்று, "நிதி உதவிக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்களா?" ஆம், இல்லை என்று இரண்டே வட்டம். டிசம்பரில் என்னைப் போனில் கூப்பிட்டார்கள்.

"மேடம், எய்டு வேணும்னு போட்டா சான்ஸ் குறையும். இப்போ வேண்டாம்னு போட்டுடலாம். சீட் வந்தப்புறம் கேட்டா குடுப்பாங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

இதில் முதல் பாதி உண்மை. அதனால்தான் இரண்டாம் பாதியையும் நம்பினேன். அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது உதவி கேட்கிறார்களா என்பதையும் பார்க்கின்றன. ஸ்டான்ஃபோர்டுகூட அப்படித்தான். ஆனால் உதவி வேண்டாம் என்று சொல்லி இடம் வாங்கிவிட்டால், பல இடங்களில் பிறகு நான்கு வருடமும் உதவி கேட்க முடியாது. இதையும் ஸ்டான்ஃபோர்டு உட்படப் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் தளத்தில் தெளிவாகவே எழுதி வைத்திருக்கின்றன. அமெரிக்கக் குடிமக்களுக்கு இந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் இருப்பதில்லை. அவர்களுக்கான விதியை நமக்கானது போலச் சொல்லித்தான் பலர் ஏமாற்றுகிறார்கள்.

இன்னொன்று. உதவி கேட்பதைப் பார்க்காமலே வெளிநாட்டு மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, இடம் கிடைத்தால் தேவையான முழு உதவியையும் தரும் கல்லூரிகள் சில உண்டு. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் ஐந்தும் நெடுநாளாக அப்படி. டார்ட்மவுத், போடின் இரண்டும் 2022ல் அந்த முடிவை அறிவித்தன. இங்கெல்லாம் "வேண்டாம்" என்று போடுவதால் கடுகளவு லாபமும் இல்லை. எங்கள் பட்டியலில் யேலும் ஆம்ஹெர்ஸ்டும் இருந்தன. அவற்றுக்கும் "இல்லை" என்றே போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் படித்துப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒரு கடிதம். எங்கிருந்து வந்தாலும் 1,50,000 அவர்களுக்கு வந்துவிடும்.

கடிதம் வந்த அன்று விடியற்காலை வீட்டில் எல்லோரும் விழித்திருந்தோம். மகள் சத்தம் போட்டு அழுதாள். ஷெட்டில் தறியை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார் அவள் அப்பா. இரண்டு நாளில் மீதிப் பணத்தைக் கட்டினோம். மூன்றாம் நாள் செலவுக் கணக்கு வந்தது: வருடத்துக்கு 88,000 டாலர். அன்றைய மதிப்பில் 73 லட்சம் ரூபாய். நான்கு வருடத்துக்கு என்ன ஆகும் என்று கூட்டிப் பார்க்கவே எனக்குத் துணிவு வரவில்லை.

கன்சல்டன்சியில் "மெயில் போடுங்க மேடம், பேசிப் பாருங்க" என்றார்கள். மகளே எழுதினாள். கல்லூரியின் நிதி உதவி அலுவலகம் மறுநாளே மரியாதையாகப் பதில் போட்டது. விண்ணப்பிக்கும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர்கள் பிறகு கேட்க முடியாது, விதிவிலக்குத் தர இயலாது என்று நான்கு வரி. கல்லூரி மேல் எனக்குக் கோபமில்லை. நாம்தான் வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறோம். உதவி கேட்கிறவர்கள் பல கல்லூரிகளுக்குத் தர வேண்டிய சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற வருமானப் படிவத்தை எங்களுக்காக யாரும் திறக்கவே இல்லை.

பாஸ்வேர்டை வாங்கவே பத்து நாள் போராடினோம். விண்ணப்பத்தின் பிடிஎஃப்பை முதல்முறையாக அன்றுதான் முழுதாகப் பார்த்தோம். கடைசிப் பக்கத்தில், இதில் உள்ளது எல்லாம் என் சொந்த எழுத்து, உண்மை என்று உறுதி சொல்லி மகள் பெயரில் கையெழுத்து. அவள் போட்டதில்லை. அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. ரெகமண்டேஷன் (பரிந்துரைக் கடிதம்) கொடுத்தவர் என்ற இடத்தில் அவளுடைய பிசிக்ஸ் சார் பெயர், அதற்குக் கீழே ஒரு ஜிமெயில் முகவரி. சார் பள்ளி மெயிலைத் தவிர வேறு எதையும் பயன்படுத்துகிறவர் இல்லை. போன் போட்டுக் கேட்டேன்.

"எனக்கு எந்த மெயிலும் வரலைங்களே. டிசம்பர் பூரா எதிர்பார்த்தேன். பாப்பா வேற யார்கிட்டயாவது வாங்கிட்டா போலன்னு நெனச்சேன். லெட்டர் எழுதியே வெச்சிருந்தேனுங்க."

அந்த மனிதர் எழுதி வைத்த கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இரண்டு பக்கம். லேப்பில் ஒரு ஊசல் சோதனை தப்பாக வந்தபோது அவள் எண்ணை மாற்றாமல் தப்பாகவே எழுதிக் கொடுத்தாள் என்பதிலிருந்து ஆரம்பித்திருந்தார். அதை ஒரு கல்லூரியும் பார்க்கவில்லை. கன்சல்டன்சியில் யாரோ அவர் பெயரில் மெயில் திறந்து ஏதோ எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

உதவி கிடைத்திருந்தால்கூட இதை வைத்துக்கொண்டு அவளை அனுப்பியிருக்க முடியுமா என்று நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது. பொய் தெரியவந்தால் கொடுத்த இடத்தை எந்த நாளிலும் ரத்து செய்யலாம், படித்துக்கொண்டிருக்கும்போதும். 2024ல் பென்சில்வேனியாவில் லீஹை பல்கலைக்கழகத்தில் போலி ஆவணங்கள் கொடுத்துச் சேர்ந்த ஓர் இந்திய மாணவர் கைதானார். குற்றத்தை ஒப்புக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. அவர் தானே செய்தது அது. எங்கள் வீட்டில் பிள்ளைக்குத் தெரியாமலே அவள் பெயரில் செய்து வைத்திருந்தார்கள். மாட்டினால் அங்கே நிற்கப் போவது அவள், கோவையில் ஏசி அறையில் இருப்பவர்கள் இல்லை.

பணத்திலும் கை வைத்திருக்கிறார்கள். விண்ணப்பக் கட்டணம் என்று ஒரு கல்லூரிக்கு 15,000 ரூபாய் ரொக்கமாக வாங்கினார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அப்போது அது 75 முதல் 90 டாலர்தான், எட்டாயிரத்துக்குள் வந்தது. கிரின்னல், கார்ல்டன், வெல்ஸ்லி போன்றவற்றில் கட்டணமே கிடையாது. அவற்றுக்கும் எங்களிடம் 15,000 வாங்கினார்கள். ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு. அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

யாரை நம்புவது என்று கேட்பீர்கள். சில அமெரிக்கக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரைக் கொண்டுவரும் ஏஜெண்டுக்குக் கமிஷன் தருகின்றன. உள்நாட்டு மாணவர் விஷயத்தில் அதை அந்த நாட்டுச் சட்டம் தடுக்கிறது, வெளிநாட்டு மாணவருக்கு அந்தத் தடை இல்லை. எங்கள் பட்டியலில் நாங்கள் கேள்விப்பட்டேயிராத நான்கு பெயர் ஏன் இருந்தன என்பது அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் புரிந்தது. எஜுகேஷன் யுஎஸ்ஏ என்று அமெரிக்க அரசின் ஆலோசனை மையம் இருக்கிறது, சென்னையிலும் உண்டு. அவர்கள் கமிஷன் ஏஜெண்டுகளோடு சேர்ந்து வேலை செய்வதில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் நாங்கள் அங்கே போனோம். "எய்டு கேள்விக்கு என்ன போட்டிருக்கீங்க?" என்பதுதான் அங்கே எங்களிடம் கேட்ட முதல் கேள்வி.

மகள் இப்போது சென்னையில் பொருளாதாரம் படிக்கிறாள், நன்றாகப் படிக்கிறாள். நாங்கள் கரூரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஒப்பந்தத்தில் "அட்மிஷனுக்கு உத்தரவாதம் இல்லை" என்று இருப்பதை அவர்கள் வக்கீல் காட்டுகிறார். நாங்கள் பிசிக்ஸ் சாரின் வாக்குமூலத்தைக் கொடுத்திருக்கிறோம். நேரில் வந்து சொல்கிறேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

போன வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பையனும் அவன் அம்மாவும் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தார்கள். அதே கன்சல்டன்சி நடத்திய கூட்டத்துக்குப் போயிருக்கிறார்கள், இன்னும் பணம் கட்டவில்லை. மகளை வீடியோ காலில் கூப்பிட்டேன். அவள் சொல்லச் சொல்ல அவன் சொந்த மெயிலில் கணக்குத் திறந்தான், பாஸ்வேர்டை யாருக்கும் தெரியாமல் போட்டான். கல்லூரிகளைச் சேர்த்ததும் ஒவ்வொன்றாக அந்தக் கேள்வியைத் தேடிப் பிடித்து, ஏழுக்கும் "ஆம்" போட்டான். எஸ்ஸேக்கு என்ன எழுதட்டும் அக்கா என்று கேட்டான். உங்க வீட்டில் தினமும் என்ன நடக்குது, அதைச் சொல்லு முதல்ல என்றாள்.