பெங்களூர்ல ஃபெர்டிலிட்டி டெஸ்ட் பண்ண அனுபவம்: வீட்டுக்காரர் டெஸ்ட்டை முதல்ல முடிச்சிடுங்க

போன ஜனவரில அஞ்சு வாரம் லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிருந்தேன். அம்மா வீடு அல்சூர்ல, சோமேஸ்வரர் கோயில்ல இருந்து நடந்து போற தூரம்தான். இந்த தடவை அம்மாவைப் பாக்கறதுக்கு மட்டும் போகல. எனக்கு 33 வயசு, டொரண்டோ பக்கம் இருக்கோம், ஒன்றரை வருஷமா குழந்தைக்கு ட்ரை பண்றோம், இன்னும் தங்கல. அங்க ஃபேமிலி டாக்டர் லெட்டர் எழுதிக் குடுத்தும் ஸ்பெஷலிஸ்ட் கிட்ட கிடைச்ச தேதி அஞ்சு மாசம் தள்ளி. சரி, அதுக்குள்ள ஊர்ல டெஸ்ட்டையாவது முடிச்சு ரிப்போர்ட்டைக் கையில வெச்சுக்கலாம்னு கிளம்பிட்டேன். இதே மாதிரி யோசிச்சு வர்றவங்க இருப்பீங்கன்னுதான் எழுதறேன், நான் தப்பு பண்ண இடத்தை நீங்க பண்ணாம இருந்தா போதும்.

ஒரு வருஷம் ட்ரை பண்ணியும் தங்கலைன்னா டெஸ்ட்டுக்குப் போகணும், 35 வயசு தாண்டிட்டா ஆறு மாசத்துலயே போயிடணும்னுதான் டாக்டருங்க சொல்றாங்க. உலக சுகாதார நிறுவனம் 2023-ல சொன்ன கணக்குப்படி ஆறு பேர்ல ஒருத்தருக்கு வாழ்க்கையில எப்பவாவது இந்தப் பிரச்சனை வருது. இது தெரிஞ்சப்புறம் எனக்கு மனசு கொஞ்சம் லேசாச்சு, ஏன்னா "விசேஷம் ஏதாவது உண்டா"ன்னு கேக்கறவங்க முன்னாடி நான் மட்டும்தான் தனியா நிக்கிறேன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

முதல் தப்பு, டிக்கெட் விலையைப் பாத்து டிக்கெட் போட்டது. இந்த டெஸ்ட்டுங்க பாதிக்கு மேல பீரியட்ஸ் கணக்குலதான் ஓடும். எஃப்எஸ்எச், எல்எச், எஸ்ட்ராடயால்னு மூணு ஹார்மோன் ரத்த டெஸ்ட்டும் ரெண்டாவது மூணாவது நாள், முட்டைப்பை, அதாவது முட்டை வளர்ற சின்னச் சின்னப் பை, அதை எண்ணிப் பாக்கிற ஸ்கேனும் அப்பவே, கர்ப்பப்பை குழாய் அடைப்பு பாக்கிற எச்எஸ்ஜி எக்ஸ்ரே ரத்தப்போக்கு நின்னப்புறம், பீரியட்ஸ் ஆரம்பிச்சதுல இருந்து ஏழாவது நாளுக்கும் பத்தாவது நாளுக்கும் நடுவுல, முட்டை வெளிய வந்துச்சான்னு பாக்கிற புரோஜெஸ்டிரான் அடுத்த பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்னாடி. எல்லாரும் 21-வது நாள்னு சொல்வாங்க ஆனா அது 28 நாள் சைக்கிள் இருக்கறவங்களுக்கு, எனக்கு 30 நாள், அதனால 23-வது நாள் எடுத்தாங்க. நான் திங்கக்கிழமை போய் இறங்கினேன், பீரியட்ஸ் வியாழக்கிழமை வரணும், வரல. தூக்கம் கெட்டு பயண அலைச்சல்ல அஞ்சு நாள் தள்ளிப்போய் அடுத்த செவ்வாய்க்கிழமைதான் வந்துச்சு. அந்த அஞ்சு நாளும் அம்மா மூஞ்சில தெரிஞ்ச ஆசையைப் பாக்க முடியல, நாள் தள்ளிப்போச்சுன்ன உடனே பூஜை ரூம்ல விளக்கேத்திட்டாங்க. அவங்க சும்மா இருந்திருந்தா எனக்கும் அந்த ஆசை வந்திருக்காது, வந்துடுச்சு. அதனால வர்ற தேதிக்கு முன்னாடி ஒரு வாரமாவது இடம் விட்டு டிக்கெட் போடுங்க, மொத்தமா அஞ்சு வாரம் இல்லாம ஒரு சைக்கிள் முழுசா முடியறது கஷ்டம்.

அந்தக் காத்திருந்த வாரத்துல, நாள் கணக்கு பாக்காத டெஸ்ட் எதுவோ அதையாவது பண்ணுவோம்னு ஒரு பெரிய கிளினிக்குக்குப் போனேன். பேர் சொல்ல வேணாம். முட்டை கையிருப்பு பாக்கிற ஏஎம்எச் ரத்த டெஸ்ட்டை எந்த நாள் வேணும்னாலும் எடுக்கலாம், எடுத்தாங்க, மில்லிக்கு 1.4 நானோகிராம். டாக்டரைப் பாத்தது ஏழு நிமிஷம் இருக்கும், அப்புறம் கவுன்சிலர்னு ஒரு பொண்ணு தனி ரூம்ல உக்கார வெச்சு "உங்க வயசுக்கு இது கம்மி மேடம், நேரம் போயிடும், இந்த ட்ரிப்லயே ஐவிஎஃப் ஆரம்பிச்சிடலாம்"னு பேக்கேஜ் ஷீட்டை நீட்டினாங்க. என் வீட்டுக்காரர் எங்க, அவருக்கு டெஸ்ட் எடுத்தாச்சான்னு ஒரு வார்த்தை கேக்கல. அன்னிக்கு ஆட்டோல அழுதுட்டேதான் வந்தேன். ஆட்டோக்காரர் அல்சூர் ஆளு, தமிழ்ல "என்னம்மா, ஆஸ்பத்திரியில யாராச்சும் சீரியஸா?"ன்னு கேட்டாரு, பதில் சொல்ல வாய் வரல.

அக்கா திட்டி வேற ஒரு டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போனா. அறுபது வயசு இருக்கும் அந்த அம்மாவுக்கு, பொறுமையா விளக்கினாங்க. ஏஎம்எச் சொல்றது எத்தனை முட்டை மிச்சம் இருக்குன்னு ஒரு தோராயம் மட்டும்தான், முட்டை நல்லா இருக்கா இல்லையான்னு அது சொல்லாது, கம்மியா இருக்குங்கறதாலேயே இயற்கையா தங்காதுன்னு அர்த்தம் இல்ல. இதைக் கேக்கறதுக்காகவே அந்த கன்சல்டேஷன் ஃபீஸ் 1000 ரூபாயை இன்னொரு தடவைகூட குடுப்பேன். அடுத்து அவங்க கேட்டது "ஹஸ்பெண்ட் ரிப்போர்ட் எங்கம்மா?" அவர் நாலாவது வாரம்தான் வர்றாரு, லீவு இல்லன்னு சொன்னேன். "அங்கயே எடுத்திருக்கலாமே"ன்னாங்க. எடுத்திருக்கலாம். ஃபேமிலி டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு நாலு மாசமா ஃப்ரிட்ஜ் மேல காந்தத்துல தொங்கிட்டு இருந்துச்சு. நான் ரெண்டு தடவை ஞாபகப்படுத்தினேன், மாமியார் போன்ல "அவனுக்கு என்ன, அவன் நல்லாத்தான் இருக்கான், நீ உன் உடம்பைப் பாரு"ன்னாங்க, நானும் அதுக்கு மேல பேசல.

குடும்பத்துல யாருக்காவது டிபி இருந்துச்சான்னும் கேட்டாங்க. கனடாவுல யாரும் இதைக் கேட்டதே இல்ல. நம்ம நாட்டுல கர்ப்பப்பை குழாய் அடைச்சுக்கறதுக்கு டிபியும் ஒரு முக்கியமான காரணம், இருமலே இல்லாம உள்ள இருக்கலாமாம். எங்க தாத்தாவுக்கு இருந்துச்சு. எச்எஸ்ஜி நல்லா வந்தா மேற்கொண்டு பாக்க வேணாம்னு சொன்னாங்க.

ரத்தம் எடுக்க வீட்டுக்கே காலைல ஆள் வர்றாங்க, இது பெரிய வசதி, கனடாவுல லேப்ல வரிசைல நிக்கணும். ஆனா பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் ப்ரோலாக்டின் டெஸ்ட் மட்டும் அப்படி எடுக்காதீங்க. எனக்கு முதல் தடவை எழுந்த உடனே, தூக்கக் கலக்கத்துல எடுத்து 31 வந்துச்சு, லேப் போட்டிருந்த அளவுக்கு மேல. டாக்டர் பதறல, எழுந்து ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு, லேப்ல கொஞ்ச நேரம் அமைதியா உக்காந்துட்டு எடுங்கன்னாங்க. ரெண்டாவது தடவை 16, நார்மல். முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடறவங்க அதை முன்கூட்டியே சொல்லிடுங்க, தைராய்டு, ஹார்மோன் ரிப்போர்ட்டைக் குழப்பிடும், சில நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க.

ஸ்கேனுக்கு நான் ஒரு லிட்டர் தண்ணி குடிச்சுட்டுப் போய் உக்காந்தேன். அது வயித்து மேல வெச்சுப் பாக்கிற ஸ்கேனுக்கு. இது உள்ள விட்டுப் பாக்கிறது, யூரின் போயிட்டு வரணும். நர்ஸ் "ஹோகி பன்னி மேடம்", போயிட்டு வாங்கன்னு கன்னடத்துல சிரிச்சுட்டே சொல்லி பாத்ரூமைக் காட்டினாங்க. வலி இல்ல, கூச்சம்தான். ரெண்டு பக்கமும் சேத்து 12 முட்டைப்பை எண்ணினாங்க, போதும்னாங்க.

எச்எஸ்ஜி பத்தி எல்லாரும் பயமுறுத்தி இருந்தாங்க. ஒன்பதாவது நாள், புதன்கிழமை. பீரியட்ஸ் ஆனதுல இருந்து டெஸ்ட் வரைக்கும் சேந்து இருக்கக் கூடாது, ஒரு மணி நேரம் முன்னாடி வலி மாத்திரை போட்டுக்கணும், பேட் எடுத்துட்டுப் போகணும், கூட ஒருத்தர் கண்டிப்பா வரணும். எக்ஸ்ரே டேபிள் ஜில்லுனு இருந்துச்சு. "ஸ்வல்ப நோவாகுத்தெ", கொஞ்சம் வலிக்கும்னு டெக்னீஷியன் அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க, நோவுங்கிற வார்த்தை கன்னடத்துலயும் நம்மளதேதானேன்னு அந்த நேரத்துல என்னமோ தோணுச்சு. எக்ஸ்ரேல தெரியற மருந்து உள்ள போகும்போது பீரியட்ஸ் வலி மாதிரி, அதைவிட ரெண்டு மடங்கு, ஒரு நிமிஷம். ஸ்கிரீன்ல ஒரு சின்ன முக்கோணம் வெள்ளையா நிறைஞ்சுது, அதோட ரெண்டு மூலையில இருந்து நூல் மாதிரி ரெண்டு கோடு நெளிஞ்சு நெளிஞ்சு போச்சு, கடைசில சாம்பிராணிப் புகை மாதிரி கலைஞ்சு பரவுச்சு. "ரெண்டும் ஓப்பன் மா"ன்னாங்க டாக்டர். வலி போன இடம் தெரியல. எனக்கு 4500 ரூபாய் ஆச்சு. அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் லேசா ரத்தம் பட்டுச்சு, அவ்வளவுதான், ஆனா காய்ச்சல் வந்தாலோ வலி கூடிட்டே போனாலோ உடனே வரச் சொல்லியிருந்தாங்க.

நடுவுல ஒண்ணு, ரூபெல்லா அம்மைக்கு எதிர்ப்பு சக்தி இருக்கான்னு பாக்கிற ரூபெல்லா ஐஜிஜி ரத்த டெஸ்ட்டைக் கண்டிப்பா கேட்டு எடுங்க. எனக்கு எதிர்ப்பு சக்தியே இல்ல. கர்நாடகாவுலயும் தமிழ்நாட்டுலயும் தட்டம்மையோட சேத்து ரூபெல்லா ஊசி போடற பெரிய முகாம் 2017-லதான் நடந்துச்சு, அதுக்கு முன்னாடி வளந்தவங்க நிறைய பேருக்குப் போட்டிருக்க மாட்டாங்க. கர்ப்பமா இருக்கும்போது ரூபெல்லா வந்தா குழந்தையோட காது, கண்ணு, இதயம் எல்லாத்தையும் பாதிக்கும். ஊசி போட்டுக்கிட்டேன், ஒரு மாசம் கர்ப்பம் ஆகாம பாத்துக்கணும்.

வீட்டுக்காரர் வந்தாரு. ரெண்டு நாளுக்குக் குறையாம ஏழு நாளுக்கு மேல போகாம இடைவெளி விட்டு விந்து சாம்பிள் குடுக்கணும். வீட்ல எடுத்தும் தரலாம், ஆனா உடம்புச் சூட்டுலயே வெச்சு அரை மணில, மிஞ்சிப்போனா ஒரு மணி நேரத்துக்குள்ள லேப்ல குடுக்கணும், பெங்களூர் டிராஃபிக்ல அதை நம்பாதீங்க, அங்கயே தனி ரூம் இருக்கு. எங்களுக்கு 1200 ரூபாய் ஆச்சு. ஊசி இல்ல, வலி இல்ல, சாயங்காலமே ரிப்போர்ட். நான் அந்த நாலு வாரத்துல ஆறு தடவை ஊசி குத்திக்கிட்டு, எக்ஸ்ரே டேபிள்ல பல்லைக் கடிச்சுட்டு வந்தப்புறம்தான் இது நடக்குது.

விந்தணு மில்லிக்கு 11 மில்லியன், அதுல முன்னோக்கி நீந்தறது 18 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தோட 2021 கையேட்டுல கீழ் எல்லை 16 மில்லியன், 30 சதவீதம். டாக்டர் ரெண்டு பேரையும் உக்கார வெச்சு ஒரு ரிப்போர்ட்டை வெச்சு எதுவும் முடிவு பண்ண மாட்டோம்னாங்க. காய்ச்சல் வந்துச்சா, ஜிம்ல பவுடர், டெஸ்டோஸ்டிரான் ஊசி ஏதாவதுன்னு வரிசையா கேட்டாங்க. எதுவும் இல்ல. சூட்டுல வேலையான்னதும் இவர் மெதுவா "ஜிம்ல சானா போவேன், குளிர்காலத்துல தினமும்"னாரு. அதை நிறுத்தச் சொன்னாங்க. புது விந்தணு உருவாக கிட்டத்தட்ட ரெண்டரை மாசம் ஆகறதால மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட், அதுக்குள்ள ஆண்களுக்கான ஸ்பெஷலிஸ்ட் கிட்ட நேர்ல காட்டி விதைப்பையில ரத்தக்குழாய் வீங்கியிருக்கான்னு பாக்கணும். குழந்தை தங்காத கேஸ்ல ஏறக்குறைய பாதில ஆண் பக்கமும் காரணம் இருக்குன்னு அவங்க சொன்னப்ப இவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு.

வெளிய வந்து அல்சூர் ஏரிக்கரைல ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தோம். அப்புறம் "அந்த சீட்டை நான்தான் லேபுக்கு எடுத்துட்டுப் போயிருக்கணும், உன்னை முன்னாடி தள்ளிட்டேன்"னாரு. அன்னிக்கு ராத்திரி அவங்க அம்மாவுக்கு அவரே போன் பண்ணி, "டெஸ்ட்ல எனக்குத்தான் குறை இருக்கும்மா, இனிமே அவகிட்ட இதைப் பத்தி கேக்காதீங்க"ன்னு சொன்னாரு. பக்கத்து ரூம்ல இருந்து கேட்டுட்டு இருந்தேன்.

ரிப்போர்ட்டைக் கனடாவுக்குக் கொண்டு வரும்போது யூனிட்டைப் பாத்துக்கோங்க. ஊர்ல ஏஎம்எச் நானோகிராம்ல தருவாங்க, கனடாவுல லிட்டருக்கு பிகோமோல்ல பாக்கறாங்க, 7.14-ஆல பெருக்கணும், என்னோட 1.4 இங்க 10. எஸ்ட்ராடயாலுக்கு 3.67. இதைத் தெரியாம நம்பரை மட்டும் சொல்லிட்டா டாக்டரே திகைச்சுடுவாங்க. எச்எஸ்ஜி ஃபிலிமையும் சிடியையும் கேட்டு வாங்குங்க, ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது. மேற்கொண்டு ட்ரீட்மென்ட்டும் ஊர்லயேன்னா, ஐவிஎஃப் மாதிரி சிகிச்சைக்கான 2021 ஏஆர்டி சட்டப்படி பதிவு பண்ண கிளினிக்தானான்னு சர்டிஃபிகேட் கேட்டுப் பாருங்க. பெண்ணுக்கு 21-ல இருந்து 50, ஆணுக்கு 55 வரைக்கும்னு வயசு வரம்பும் அதுல இருக்கு.

23-வது நாள் புரோஜெஸ்டிரான் 11 வந்துச்சு, முட்டை வெளிய வந்திருக்குன்னு அர்த்தம். நாலு நாள் கழிச்சு ஃப்ளைட் ஏறினோம். இவரோட அடுத்த டெஸ்ட் மே மாசம், சீட்டு இப்ப அவரோட பர்ஸ்ல இருக்கு.