சுங்கை சிப்புட்டில் ஓர் ஈமச்சடங்குச் சேவை: ஒரு மதிப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சாவு வீட்டுக் காரியங்களை நடத்திக் கொடுக்கும் பெரியவர் ஒருவரின் சேவையைப் பற்றி எழுதுகிறேன். விளம்பரம் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் பெயரைக் குறிப்பிடவில்லை. பட்டணத்துக் கோயில்களில் விசாரித்தால் வழிகாட்டுவார்கள். என் மாமியார் காலமானபோது, வாய்க்கரிசி தொடங்கிப் பதினாறாம் நாள் கருமக்கிரியை வரை அனைத்தையும் அவரே முன்னின்று நடத்தினார். சடங்கு மட்டுமே அவருடைய பொறுப்பு. கூடாரம், சவப்பெட்டி, அமரர் ஊர்தி ஆகியவற்றை வேறொரு நிறுவனம் கவனித்தது. இரண்டையும் ஒன்றாக எடை போடுவது அவருக்கு நியாயமாகாது.

மாமியாரின் உயிர் வீட்டிலேயே பிரிந்தது. பெரியவர் வந்ததும் முதலில் கேட்டது, போலீஸ் நிலையத்தில் தெரிவித்து அடக்க அனுமதி பெற்றாகிவிட்டதா என்பதைத்தான். அதன் பிறகு என் மனைவியை அருகில் உட்கார வைத்து, "அம்மா எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார்கள், அக்கம்பக்கத்தார் எப்படி அழைப்பார்கள், யாரோடு அதிகம் பேசுவார்கள்?" என்று பொறுமையாக விசாரித்தார். அந்த விசாரணையின் பயன் மறுநாள் அவர் ஆற்றிய இரங்கலுரையில் தெரிந்தது. இருட்டில் எழுந்து பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போனது, தீம்பாரில் (ரப்பர் மரக்காட்டில்) மரம் சீவியது, மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி காண்டாவில் (தோளில் வைக்கும் கம்பில்) சுமந்தது, தோட்டம் செம்பனைக்கு மாறியபின் பட்டணத்து மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்தது என்று ஒரு வாழ்க்கையை அவர் எளிய சொற்களில் எடுத்துச் சொன்னார். எந்த வீட்டிலும் இறந்தவரைத் தெய்வமாக்கிப் பேசுவதில்லை என்பது அவருடைய கொள்கை. குடித்தே அழிந்தவருக்கும் கூட அவர் செய்த வேலையைத்தான் சொல்வாராம். பொய்யான புகழ்ச்சியைக் கேட்டால் வீட்டாரே தலையைக் குனிந்துகொள்கிறார்கள் என்றார்.

ஒவ்வொரு சடங்குக்கும் முன்னால் அதன் பொருளை ஓரிரு வாக்கியங்களில் விளக்கியதால், தமிழ்ப்பள்ளியில் படிக்காத பேரப்பிள்ளைகளும் வெறும் பார்வையாளர்களாக நிற்கவில்லை. சுண்ணம் (வாசனைப் பொடி) இடிக்கும்போது திருவாசகத்தில் உள்ள திருப்பொற்சுண்ணத்தின் 20 பாடல்களையும் அவர் விடாமல் பாடினார். குரல் நன்றாக இருந்தது, ஆனால் நண்பகல் வெயிலில் கூடாரத்துக்கு வெளியே நின்ற முதியவர்களுக்கு அது நீளம்தான். ஒலிபெருக்கியின் சத்தத்தையும் குறைத்திருக்கலாம்.

அவருடைய பக்குவம் வெளிப்பட்டது கொள்ளி வைக்கும் பேச்சு எழுந்தபோது. மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து வரும் வழியில் ஜொகூர் பாலத்து நெரிசலில் சிக்கிக்கொண்டார். ஈப்போ மின்சுடலையில் எங்களுக்குக் கொடுத்த நேரமோ மாற்ற முடியாதது. ஆறு வயதுப் பேரனின் கையில் நெருப்பைக் கொடுக்கலாம் என்று உறவினர் சிலர் சொன்னார்கள். பெரியவர் எவரையும் எதிர்த்துப் பேசாமல், நோயில் கிடந்த அம்மாவைக் குளிப்பாட்டிச் சோறூட்டியது யார் என்று மட்டும் கேட்டார். பிறகு என் மனைவியிடம், "நீங்கள் செய்யுங்கள் அம்மா, நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்றார். மூத்த மாமாவிடம் தனியாகப் போய் ஒப்புதல் பெற்ற பிறகே அதை எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. வேறு சிலர் நடத்தியிருந்தால் அந்த இடத்தில் ஒரு சண்டை மூண்டிருக்கும்.

கட்டணத்தை முன்கூட்டியே தாளில் எழுதித் தந்தார்: இறுதிச் சடங்குக்கு 600 ரிங்கிட், கருமக்கிரியைக்கு 350, பூசைச் சாமான்களை நாமே வாங்கித் தர வேண்டும். ஊர்தி நிறுவனத்தின் கணக்கு அப்படி இல்லை. நாங்கள் கேட்காத மலர் அலங்காரம் பட்டியலில் ஏறியிருந்தது. சவப்பெட்டிக்கு வாயால் சொன்ன விலையும் எழுதிய விலையும் வேறாக இருந்தன. துக்கத்தில் இருப்பவர்கள் பேரம் பேச மாட்டார்கள் என்ற துணிச்சல்தான் அது. பெரியவரிடமும் ஒரு குறை உண்டு. கருமக்கிரியையன்று வேறொரு வீட்டுக் காரியத்தையும் ஒப்புக்கொண்டிருந்ததால் தாமதமாக வந்து, சில பகுதிகளைச் சுருக்கினார். அதற்காக 50 ரிங்கிட்டைத் திருப்பித் தந்தார் என்றாலும், எங்களுக்கு வேண்டியிருந்தது பணமன்று.

படையல் முடிந்த பின் கறுப்புக் காப்பியோடு சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவரும் ஒரு காலத்தில் மரம் சீவியவர்தான். லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) ஒருவர் இறந்தால் பாடை கட்டுபவர், தப்படிப்பவர், குழி வெட்டுபவர், உலை வைப்பவர் என்று ஆளுக்கொரு வேலை சொல்லாமலே நடந்தது. லயங்கள் கலைந்தபின் அத்தனை பேர் தெரிந்து வைத்திருந்ததைத் தன் ஒருவனிடம் கேட்கிறார்கள் என்றார். குழந்தைகளின் சாவுக்கு அவர் பணம் வாங்குவதில்லை. பாட்டுக் கற்றுக்கொள்ள இரண்டு இளைஞர்கள் வருகிறார்களாம், ஆனால் உடலைக் குளிப்பாட்டும் நேரத்தில் இருவரும் வாசலுக்குப் போய்விடுகிறார்களாம். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சடங்குக்கு இவரைத் தயங்காமல் அழைக்கலாம். பெட்டி, ஊர்தி, கூடாரம் ஆகியவற்றுக்கு மட்டும் வீட்டார் அல்லாத ஒருவரை, துக்கத்தில் நிதானம் இழக்காத நண்பர் ஒருவரை, அனுப்பி ஒவ்வொன்றின் விலையையும் எழுதி வாங்கச் சொல்லுங்கள். கருமக்கிரியைத் தேதியை முடிவு செய்யும்போதே அன்று அவருக்கு வேறு காரியம் இருக்கிறதா என்று கேட்டுவிடுவதும் நல்லது. கோலகங்சார் வரை கூடுதல் கட்டணம் இல்லை. அதற்கு அப்பால் பெட்ரோல் செலவைச் சேர்த்துக்கொள்கிறார்.